அமைச்சரானவர் ஏன் இடைத்தேர்தலில் நின்றார்? மான்செஸ்டர், 1908

கேள்வி: முதுகலை வரலாற்றுக் கட்டுரை ஒன்றில் 1908ஆம் ஆண்டு மான்செஸ்டர் வடமேற்குத் தொகுதி இடைத்தேர்தலைக் குறிப்பிட விரும்புகிறேன். ஏற்கெனவே உறுப்பினராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், அமைச்சரான பிறகு அங்கே மறுபடியும் போட்டியிட்டது ஏன்? சோஷலிஸ்ட் வேட்பாளர் வாக்கைப் பிரித்ததால்தான் அவர் தோற்றார் என்று எழுதலாமா?

பதில்: முதல் கேள்விக்கு விடை சட்டத்தில் இருக்கிறது. பதவிகளைக் காட்டி மன்னர் உறுப்பினர்களை வளைத்துவிடுவார் என்ற அச்சம் நிலவிய 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசின் கீழ் ஊதியமுள்ள பதவியை ஏற்கும் உறுப்பினர் தம் இடத்தை இழப்பார், ஆனால் மீண்டும் தேர்தலில் நிற்கலாம் என்று சட்டம் செய்யப்பட்டது. 1908 ஏப்ரலில் உடல்நலக் குறைவால் காம்ப்பெல்-பேனர்மன் பிரதமர் பதவியிலிருந்து விலக, அவரை அடுத்து வந்த ஆஸ்க்வித் சர்ச்சிலை வர்த்தக வாரியத் தலைவர் என்ற அமைச்சர் பதவியில் அமர்த்தினார். அந்த நியமனத்தோடு மான்செஸ்டர் தொகுதி காலியாயிற்று. இத்தகைய தேர்தல்களில் எதிர்க்கட்சி ஆள் நிறுத்தாமல் விடுவதும் உண்டு. ஆனால் 1904இல் தங்களை விட்டு லிபரல் கட்சிக்குப் போனவருக்கு அந்தச் சலுகையைக் காட்டக் கன்சர்வேட்டிவ் கட்சியினருக்கு மனம் வருமா? 1906இல் அவரிடம் தோற்ற ஜாய்ன்சன்-ஹிக்ஸையே மறுபடி நிறுத்தினார்கள். இந்த விதி 1919இல் தளர்த்தப்பட்டு, 1926இல் முற்றாக நீக்கப்பட்டது.

இரண்டாவது கேள்விக்கு எண்களே விடை சொல்லும். 1908 ஏப்ரல் 24 வாக்குப்பதிவில் ஜாய்ன்சன்-ஹிக்ஸ் 5,417, சர்ச்சில் 4,988, சோஷலிஸ்ட் அமைப்பான சமூக ஜனநாயகக் கூட்டமைப்பின் டான் இர்விங் 276 வாக்குகள் பெற்றனர். இர்விங்கின் வாக்குகளை ஒன்றுவிடாமல் சர்ச்சிலின் கணக்கில் சேர்த்தாலும் 5,264தான் வரும்; அப்போதும் 153 வாக்குகள் குறைவு. ஆகவே வாக்குப் பிளவு என்ற விளக்கம் இங்கே நிற்காது. 1906இல் சர்ச்சில் 5,639, ஜாய்ன்சன்-ஹிக்ஸ் 4,398 பெற்றிருந்தனர் என்பதை அருகில் வைத்துப் பாருங்கள்: ஒருவருக்கு 651 குறைந்திருக்கிறது, மற்றவருக்கு 1,019 கூடியிருக்கிறது. உண்மையில் விளக்க வேண்டியது இந்த இடப்பெயர்ச்சியைத்தான்.

அதற்குக் காரணம் ஒன்றல்ல. மதுக்கடைகளைக் குறைக்க அரசு கொண்டுவந்த உரிம மசோதா கடைக்காரர்களை எதிரிகளாக்கியது. மதுக்கடைகளில் பெண்கள் வேலை செய்வதற்கு அதனால் ஆபத்து வரும் என்று பெண்ணுரிமைப் போராளி ஈவா கோர்-பூத் எதிர்ப்பிரசாரம் செய்தார். அவருடைய சகோதரி கான்ஸ்டன்ஸ் மார்க்கியெவிச் நான்கு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டியைத் தாமே ஓட்டித் தெருத்தெருவாக வந்தார். வாக்குரிமை கோரிய பெண்களும் சர்ச்சிலை விடாமல் எதிர்த்தனர். இந்தப் பெண்கள் எவருக்கும் அன்று நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கில்லை என்பதால், இந்தப் பிரசாரம் எத்தனை ஆண்களின் வாக்கை மாற்றியது என்று கணக்கிட வழியில்லை. ‘பெண்கள் தோற்கடித்தார்கள்’ என்று அறுதியிட்டு எழுதாதீர்கள்.

வாக்குப் பிளவுக்கு உதாரணம் வேண்டுமென்றால் 1914 பிப்ரவரியில் நடந்த லண்டனின் தென்மேற்கு பெத்னல் கிரீன் இடைத்தேர்தலைப் பாருங்கள். அதே விதியால் மறுதேர்தலுக்கு வந்த அமைச்சர் மாஸ்டர்மன் அங்கே 24 வாக்குகளில் தோற்றார். சோஷலிஸ்ட் ஜான் ஸ்கர் பெற்றவை 316. அங்கே அந்த வாதத்துக்கு இடம் உண்டு.

சர்ச்சில் 1908 மே 9 அன்று ஸ்காட்லாந்தின் டண்டீயில் நடந்த இடைத்தேர்தலில் 7,079 வாக்குகளோடு வென்றதையும் நீங்கள் சேர்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை டண்டீயின் 1906 பொதுத்தேர்தல் முடிவோடு நேரடியாக ஒப்பிட வேண்டாம். டண்டீ இரண்டு உறுப்பினர் தொகுதி. பொதுத்தேர்தலில் ஒருவருக்கு இரண்டு வாக்குகள், இடைத்தேர்தலில் ஒன்றே. சதவீதம் போடுவதானால் 1908 முடிவுக்குள்ளேயே போடுங்கள்: நால்வர் நின்ற போட்டியில் அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 44 சதவீதம்.