ஒரே 'உ', எத்தனை வேலை!

தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் உச்சியில் ஒரு 'உ', நிலத்து அளவுக்கு முன்னால் ஒரு 'உ', தேதியை ஒட்டியும் 'உ' மாதிரி ஒன்று. எல்லாமே பிள்ளையார் சுழிதானா? (மன்னார்குடி)

உச்சியில் தனியாக நிற்பதுதான் பிள்ளையார். அளவுக்கு முன்னால் இருப்பது தமிழ் எண் ௨, அதாவது இரண்டு. தேதியை ஒட்டி இருப்பது 'நாள்' என்பதற்கான குறி, ௳. உகரத்தின் சாயலில் இருப்பதால் கண் ஏமாறும். பக்கத்திலேயே மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

நானும் ஏமாந்தவன்தான். அரசலாற்றங்கரைப் பெரியவர் ஒருவருக்குப் பழைய பத்திரம் ஒன்றைப் படித்துச் சொன்னேன். வரித் தொடக்கத்தில் இருந்த ௨-ஐச் சுழி என்று விட்டுவிட்டு, 'மா' என்ற நில அளவை மட்டும் வாசித்து, ஒரு மா, அதாவது 33 சென்ட் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கப்பா உழுதது ரெண்டு மா சார்" என்றார். 20 மா ஒரு வேலி என்று கணக்குப் பேசும் ஊரில் ஒரு மா தொலைந்தால் சும்மா விடுவார்களா?

இன்னொன்று. பழைய கணக்கில் ௨௰௫ என்று இருந்தால் 25. நடுவில் இருக்கும் ௰ பத்தைக் குறிக்கும். ௨௱௫௰ என்றால் 250. சைபர் இல்லாமலேயே கணக்கு ஓடியிருக்கிறது.

பிள்ளையார் சுழி ஏன் 'உ'வாக இருக்கிறது? (திருவையாறு)

ஓம் என்பது அ, உ, ம மூன்றும் சேர்ந்தது, அதில் நடு எழுத்து என்பார்கள் பக்தர்கள். எழுத்தாணி ஓடுகிறதா, ஓலை தாங்குகிறதா என்று பார்க்க வட்டம், வளைவு, கோடு மூன்றும் போட்டுப் பார்த்ததுதான் சுழியானது என்றும் சொல்வதுண்டு. எனக்குப் பிடித்தது இரண்டாவது. நிரூபிக்கச் சொன்னால் மாட்டேன்.

குற்றியலுகரம் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. எளிதாகச் சொல்லுங்கள். (பத்தாம் வகுப்பு, நீடாமங்கலம்)

வயலுக்குப் போ, தம்பி. 'நாற்று நடு' என்று சொல்லிப் பார். 'நாற்று' என்னும்போது கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறைந்து, உதடு குவியாமலே முடிந்துவிடும். 'நடு'வில் தனிக் குறிலுக்குப் பின்னால் வருவதால் உகரம் குறையாது, ஒரு மாத்திரை முழுசாக ஒலிக்கும். முதலாவது குற்றியலுகரம், இரண்டாவது முற்றியலுகரம்.

குறைந்த உகரத்துக்குப் பிடிமானமும் குறைவு. பின்னால் உயிரெழுத்து வந்தால் ஓடிவிடும். நாற்று + அம் + கால் = நாற்றங்கால். பார்த்தாயா, உகரத்தைக் காணோம்! காசு + ஐ = காசை. ஆனால் பசு + ஐ = பசுவை. முற்றியலுகரம் பெரும்பாலும் அசையாது, நடுவில் 'வ்' வந்துதான் ஒட்டவைக்கும். கு, சு, டு, து, பு, று என்று முடியும் சொற்களில் மட்டும் இதைத் தேடு.

எங்கள் வீட்டுக்கு வந்த யாழ்ப்பாணத்து மருமகள் 'உதை எடுங்கோ' என்கிறாள். முதல் நாள் பயந்தே போய்விட்டோம். (வேதாரண்யம்)

உதைக்கச் சொல்லவில்லை, அம்மா! அது, இது போல 'உது'. தொல்காப்பியம் சொல்லும் சுட்டெழுத்து அ, இ, உ மூன்று. நாம் இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதைத் தொலைத்துவிட்டோம். கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் புழங்குகிறது. பேசுபவருக்கு அல்ல, எதிரே நின்று பேச்சைக் கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பது 'உது'. உங்கள் கையருகில் இருந்த எதையோதான் கேட்டிருப்பாள்.

உ.வே.சா. பெயரில் வரும் 'உ' என்ன? (கும்பகோணம்)

ஊர்ப் பெயர். பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரம், 1855-இல் பிறந்த அவருடைய சொந்த ஊர். 'வே' அப்பா வேங்கடசுப்பையர். உங்கள் ஊர்க் கல்லூரியில்தான் 1880 முதல் பாடம் நடத்தினார்.