மூடி வைத்தும் தூங்காத லேப்டாப்: கெர்னல் கேள்வி பதில்

தருமபுரியில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். லினக்ஸ் போட்டு பேட்டரியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் சுற்றுவட்டாரத்திலிருந்து அனுப்பிய கேள்விகள் இவை. பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: புது கெர்னல் (வன்பொருளை இயக்கும் லினக்ஸின் மையப் பகுதி) போட்டாலும் பழையதை அழிக்காதீர்கள். இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன், கோபிக்கக் கூடாது.

பென்னாகரம்: அண்ணா, ஏஎம்டியின் ரைசன் சிப் உள்ள லேப்டாப், டெபியன் 11 என்ற லினக்ஸ். ராத்திரி மூடி வைத்தால் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறது, பையைத் தொட்டால் சுடுகிறது. 6.1 கெர்னலின் சோர்ஸ் (மூல நிரல்) இறக்கி, லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற கட்டளையால் அமைப்புகளைத் தேர்ந்து கம்பைல் செய்தேன். பூட் ஆகிறது. தூக்கம் மட்டும் அதே கதை.

நல்ல கேள்வி தம்பி. பாதி வேலையைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

லேப்டாப்பின் தூக்கத்தில் இரண்டு வகை. பழைய வகையில் ரேமுக்கு மட்டும் கரண்ட் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் ஃபர்ம்வேரே (மெஷினிலேயே பதிந்திருக்கும் நிரல்) அணைத்துவிடும். புதுசாக வரும் மெஷின்கள் பலவற்றில் அது கிடையாது. எஸ்2ஐடில் என்ற வகைதான் இருக்கும். அதில் ஆபரேட்டிங் சிஸ்டமும் ஒத்துழைத்தால்தான் சிப் ஆழமாகத் தூங்கும். சிஸ் அடைவுக்குள் பவர், அதற்குள் மெம்_ஸ்லீப் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். 'டீப்' என்ற சொல்லே இல்லாமல் எஸ்2ஐடில் மட்டும் இருந்தால் உங்களுடையது இரண்டாவது வகை.

ஏஎம்டி மெஷினில் அந்த ஒத்துழைப்பைத் தருவது ஏஎம்டி_பிஎம்சி என்ற டிரைவர். "நான் தயார், நீ தூங்கலாம்" என்று சிப்பிடம் சொல்வது அதுதான். அது 5.11 கெர்னலில்தான் உள்ளே வந்தது. டெபியன் 11 கொடுப்பது 5.10. ஒரு படியில் தவறிவிட்டது. அதனால் புது கெர்னலுக்குப் போனது சரியான முடிவு.

சறுக்கியது லோக்கல்மாட்கான்ஃபிக்கில். அது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் எந்த மாட்யூல் (தேவைப்படும்போது ஏற்றும் டிரைவர் துண்டு) ஏறியிருக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். வீட்டில் இருக்கும் தலைகளை எண்ணி ரேஷன் கார்டு எழுதினால், இன்னும் பிறக்காத பிள்ளையின் பெயர் எப்படி வரும்? 5.10-இல் அந்த டிரைவரே இல்லை. புதிய ஆப்ஷன்கள் ஒவ்வொன்றாகக் கேட்டபோது நீங்களும் என்டரைத் தட்டிக்கொண்டே போயிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்வோம். அதற்கு இயல்பான பதில் 'வேண்டாம்'.

இப்போது அதே சோர்ஸ் அடைவில் மேக் மெனுகான்ஃபிக் ஓட்டுங்கள். சாய்கோட்டை அழுத்தி ஏஎம்டி_பிஎம்சி என்று தேடுங்கள். டிவைஸ் டிரைவர்களுக்குள் எக்ஸ்86 பிளாட்ஃபார்ம் பகுதியில் இருக்கும், எம் (மாட்யூல்) போடுங்கள். டீபக் இன்ஃபோ (பிழை தேட உதவும் கூடுதல் தகவல்) ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள், இல்லாவிட்டால் வட்டில் 20 ஜிபிக்கு மேல் விழுங்கும். அப்புறம் கெர்னலைக் கட்டி நிறுவும் தொகுப்பாக்க மேக் பின்டெப்-பிகேஜி ஓட்டுங்கள். மேல் அடைவில் டெப் கோப்புகள் வந்து விழும், இமேஜையும் ஹெடரையும் நிறுவுங்கள். புது கெர்னலில் பூட் ஆனதும் எல்எஸ்மாட் பட்டியலில் டிரைவர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் மூடி வைத்துத் திறந்து டிமெசேஜ் என்ற கெர்னல் லாக்கைப் படியுங்கள். கடைசித் தூக்கம் ஆழ்ந்த நிலையை எட்டவில்லை என்று ஒரு எச்சரிக்கை வரி இருந்தால், ஏதோ ஒரு சாதனம் தூங்க மறுக்கிறது என்று அர்த்தம். அப்போது அந்த லாக்கோடு வாருங்கள்.

இன்னொன்று. லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டும் முன் பென் டிரைவ், யூஎஸ்பி ஹெட்செட் எல்லாவற்றையும் ஒரு தடவை செருகிவிடுங்கள். போன வருஷம் ஒரு மாணவர் ஆசை ஆசையாகச் சின்ன கெர்னல் செய்துகொண்டு வந்தார். பென் டிரைவ் போட்டால் மெஷின் கண்டுகொள்ளவே இல்லை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அதற்குள்தான் இருந்தது.

பழைய கெர்னலை அழிக்காதீர்கள்.

காரிமங்கலம்: உபுண்டுவில் கம்பைல் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கெனானிகல் சர்ட்ஸ் கோப்பு இல்லை என்று நின்றுவிடுகிறது.

உபுண்டுவின் கான்ஃபிக்கை (கெர்னல் அமைப்புக் கோப்பு) நகல் எடுத்தால் அவர்களுடைய சான்றிதழையும் தேடும். சிஸ்டம்_ட்ரஸ்டட்_கீஸ், சிஸ்டம்_ரெவொகேஷன்_கீஸ் இரண்டையும் காலியாக்குங்கள். இதே கேள்வி இன்னும் மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது. அவர்களுக்கும் இதே பதில்.

கிருஷ்ணகிரி: பேட்டரி ஐகானே வருவதில்லை. ஏசிபிஐ பேட்டரி ஆப்ஷனை ஆன் செய்து கெர்னலை மறுபடி கட்ட வேண்டுமா?

வேண்டாம் சார். நீங்கள் அனுப்பிய கிரப் (கெர்னலை ஏற்றிவிடும் நிரல்) கோப்பைப் பார்த்தேன். கெர்னல் வரியில் ஏசிபிஐ=ஆஃப் என்று உட்கார்ந்திருக்கிறது. எப்போதோ பூட் ஆகாததற்கு யாரோ சொன்ன வைத்தியம், அப்படியே தங்கிவிட்டது. பேட்டரி அளவு, மூடி மூடியது, சார்ஜர் செருகியது எல்லாம் ஃபர்ம்வேரும் கெர்னலும் பேசிக்கொள்ளும் ஏசிபிஐ வழியாகத்தான் வரும். 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா சேர்ந்து கொண்டுவந்த ஏற்பாடு. வாயைக் கட்டிவிட்டு ஏன் பேசவில்லை என்றால் எப்படி? அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அப்டேட்-கிரப் ஓட்டுங்கள்.

ஊத்தங்கரை: 2012-இல் அரசு கொடுத்த லேப்டாப். கெர்னலை மாற்றினால் எத்தனை மணி நேரம் கூடும்?

பவர் சப்ளை அடைவில் எனர்ஜி_ஃபுல், எனர்ஜி_ஃபுல்_டிசைன் என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது இன்றைக்கு பேட்டரி பிடிக்கும் அளவு, இரண்டாவது பிறந்தபோது பிடித்த அளவு. முதலாவது நாலில் ஒரு பங்காக இருந்தால் புது பேட்டரி வாங்குங்கள். ஆயுளைக் கூட்டும் நெல்லிக்கனி நம்ம ஊர் அதியமானிடம் இருந்தது ஒன்றுதான், அதையும் ஔவைக்குக் கொடுத்துவிட்டான்.

ஓசூர்: எதற்கு இந்த வீண் வேலை? டெபியன் 12-க்கு மாறினால் 6.1 தானாக வந்துவிடுகிறது. கம்பைல் செய்து கரண்டை மிச்சம் பிடித்தவர் யாராவது உண்டா?

அரூர்: நான் இருக்கிறேன். மின்செலவு காட்டும் பவர்டாப் நிரலில், மெஷின் சும்மா இருக்கும்போது 8 வாட் காட்டியது, கம்பைலுக்குப் பிறகு 7. தேவையில்லாத மாட்யூல்கள் அத்தனையையும் தூக்கினேன், அதனால்தான்.

இருவரும் கடைசி வரை விடவில்லை. எனக்கும் பிடித்த சண்டை என்பதால் நடுவில் புகுகிறேன்.

ஓசூர்க்காரர் பென்னாகரத்துத் தம்பிக்குச் சொன்ன யோசனை சரி. முழு சிஸ்டத்தையும் மாற்ற முடிந்தவர்கள் மாறிக்கொள்ளலாம். அரூர்க்காரர் சொல்லும் காரணம்தான் தவறு. ஏறாத மாட்யூல் வட்டில் கோப்பாகக் கிடக்கிறது, அவ்வளவுதான். பரணில் கிடக்கும் மிக்ஸி கரண்ட் தின்னாது.

ஆனால் 8-லிருந்து 7 பொய்யில்லையே! அதனால் பழைய, புதிய இரண்டு கான்ஃபிக் கோப்பையும் அனுப்பச் சொன்னேன். கெர்னல் சோர்ஸோடு வரும் டிஃப்கான்ஃபிக் ஸ்கிரிப்டில் போட்டு, ராத்திரி கடையைச் சாத்தியபின் டீயோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். கழித்த மாட்யூல்களே பக்கம் பக்கமாக ஓடின. நடுவில் ஒரே ஒரு வரி: சாட்டா_மொபைல்_எல்பிஎம்_பாலிசி, 0 என்று இருந்தது 3 ஆகியிருக்கிறது. மெனுவில் உலாவும்போது மாற்றிவிட்டு மறந்திருக்கிறார். சாட்டா வட்டின் இணைப்பு சும்மா இருக்கும்போது அதைத் தூங்கவிடும் அமைப்பு அது. அந்த இணைப்பு விழித்திருந்தால் ப்ராசசரும் ஆழ்ந்த நிலைக்கு இறங்க முடியாது. ஒரு வாட் அங்கேதான் மிச்சமாகியிருக்கிறது. ஃபெடோரா 2018-இல், 28-ஆம் பதிப்பில், இதே 3-ஐத்தான் லேப்டாப்களுக்கு இயல்பாக வைத்தது.

இதைச் சொன்னதும் அரூர்க்காரருக்கு ஒரே சந்தோஷம். ஓசூர்க்காரர் உடனே, "ஏஹெச்சிஐ.மொபைல்_எல்பிஎம்_பாலிசி=3 என்று கிரப்பில் ஒரு வார்த்தை போட்டால் போதுமே, இதற்கு ஒரு மணி நேரம் கம்பைலா?" என்றார். அதுவும் உண்மை. அரூர்க்காரர் விடவில்லை: "மெனுவைத் திறக்காமல் இருந்திருந்தால் அப்படி ஒரு வார்த்தை இருப்பதே தெரிந்திருக்காது." எனக்கு இவர் பக்கம்தான் மனசு சாய்கிறது. ஆனால் யாரும் 3-ஐத் தாண்டி min_power என்ற மிகக் குறைந்த மின் நிலையை வைக்காதீர்கள், சில எஸ்எஸ்டிகளில் தரவு கெட்டுப்போகலாம்.

தேன்கனிக்கோட்டை: நானே கட்டிய கெர்னலை செக்யூர் பூட் (பூட் ஆகும்போது கையெழுத்தைச் சரிபார்க்கும் ஏற்பாடு) ஏற்க மறுக்கிறது. பழைய கெர்னலில் ஹைபர்னேட்டும் (நினைவை வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணைவது) வேலை செய்யவில்லை.

இரண்டுக்கும் ஒரே வேர். கையெழுத்து இல்லாத கெர்னலை செக்யூர் பூட் உள்ளே விடாது. அது ஆன் ஆக இருந்தால் டிஸ்ட்ரோ (டெபியன், உபுண்டு போன்றவை) தரும் கெர்னல் லாக்டவுன் என்ற கட்டுப்பாட்டு நிலையில் ஓடும், லாக்டவுனில் ஹைபர்னேட் கிடையாது. பயாஸில் அணையுங்கள். அணைக்க மனமில்லையென்றால் சொந்தச் சாவி செய்து கெர்னலில் கையெழுத்திடலாம், ஆனால் டிஸ்ட்ரோ கெர்னலில் ஹைபர்னேட்டை மறந்துவிடுங்கள்.

ராயக்கோட்டை: மின்சாரம் மிச்சம் பிடிக்கும் நிரல்களான டிஎல்பி, பவர் ப்ரொஃபைல்ஸ் டீமன் இரண்டும் போட்டிருக்கிறேன்.

ஒன்றை நீக்கிவிடுங்கள். ஒரே தக்காளிக் கூடையை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் என்ன ஆகும் என்று உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாலக்கோடு: கெர்னல் கம்பைல் செய்தால் எத்தனை மணி நேரம் கூடும்?

ஊத்தங்கரைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

காவேரிப்பட்டணம்: டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. கெர்னலில் டச்பேட் டிரைவரை மாற்றினால் சரியாகுமா?

அம்மா, அது டிரைவர் இல்லை. கீழே பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்குங்கள், அணைத்து வையுங்கள், குத்தியோ அழுத்தியோ பார்க்காதீர்கள். இன்றைக்கே பக்கத்தில் ஒரு கடைக்கு எடுத்துப் போங்கள்.

மொரப்பூர்: எத்தனை மணி நேரம் கூடும் அண்ணா?

மறுபடியுமா! பவர்டாப்பில் எத்தனை வாட் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். 50 வாட்-மணி பேட்டரி 10 வாட் தின்றால் 5 மணி நேரம். மற்றதை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

தொப்பூர்: புது கெர்னல் போட்டேன். பூட் பகுதியில் இடமில்லை என்று பழையதை அழித்துவிட்டேன். இப்போது கருப்புத் திரை.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடைக்கு வாருங்கள், சார்ஜரோடு. லைவ் பென் டிரைவ் என்னிடம் இருக்கிறது.