பசால்ட் சிவப்பது ஏன்? எரிமலைப் பாறைகளில் உயர்வெப்ப ஆக்சிஜனேற்றம்: கேள்வி பதில்

கேள்வி: லாவா அடுக்கின் மேற்பகுதி செக்கச்செவேல் என்று இருக்கிறது, நடுப்பகுதி கறுப்பு. மழையில் நனைந்து துருப்பிடித்ததுதானே சார்?

பதில்: சிவப்பைப் பார்த்ததும் மழை மேல் பழி போடாதீர்கள். வானிலைச் சிதைவு விரிசல்களைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். பாறை மென்மையாகும், களிமண் வரும், ஃபெல்ஸ்பார் என்ற வெளிர் கனிமம் மங்கும், நிறமும் மஞ்சள் கலந்த பழுப்புக்குப் போகும். சூட்டிலேயே சிவந்த பாறையைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கும். ஃபெல்ஸ்பார் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அங்கே நிறம் தருவது ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடின் பொடி.

கேள்வி: காற்றே புகாத உட்புறத்தில் ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது?

பதில்: பெரும்பாலும் நீராவியிலிருந்துதான். சூட்டில் நீராவியின் ஒரு பகுதி பிரிகிறது. ஹைட்ரஜன் மிகச் சிறியது என்பதால் பாறை வழியே கசிந்து வெளியேறிவிடுகிறது. ஆக்சிஜன் தங்கி ஃபெரஸ் இரும்பை ஃபெரிக் ஆக்குகிறது. ஹவாயில் கிலாவேயாவின் மகாவோபுகி லாவா ஏரியில் துளையிட்டு அளந்தபோது, ஏறக்குறைய 400 முதல் 750 டிகிரி செல்சியஸ் வரையிலான பகுதியில் ஆக்சிஜன் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தது. ஆய்வாளர்கள் சாட்டோ, ரைட் இருவரும் 1966-ல் இதை வெளியிட்டு, ஹைட்ரஜன் வெளியேற்றத்தையே காரணமாகக் காட்டினார்கள்.

கேள்வி: மெருகேற்றிய பாறை வெட்டில் எதைப் பார்த்து ஆக்சிஜனேற்றம் எந்த நிலைக்குப் போயிருக்கிறது என்று சொல்வது? எனக்கு எல்லாமே சாம்பல் நிறமாகத்தான் தெரிகிறது.

பதில்: முதலில் மெருகைச் சரிசெய்யுங்கள். 1 மைக்ரான் வைரப் பசையோடு நிறுத்தாமல் கால் மைக்ரான் வரை போங்கள். எதிரொளி நுண்ணோக்கியில் எண்ணெய் லென்ஸ் வேண்டும். ஆக்சிஜனேற்றத்தால் கனிம மணிக்குள் வளரும் இழைகள் பல நேரம் ஒரு மைக்ரானைவிட மெல்லியவை, உலர் லென்ஸில் காணாமல் போய்விடும்.

டைட்டனோமேக்னடைட் என்ற இரும்பு-டைட்டானியம் ஆக்சைடு எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை சி1 முதல் சி7 வரை ஏழு நிலையாகப் பிரிப்பது வழக்கம். சி1 ஒரே சீரான பழுப்புச் சாம்பல். சி2-ல் இல்மனைட் என்ற இன்னொரு இரும்பு-டைட்டானியம் ஆக்சைடின் சில இழைகள், சி3-ல் நெருக்கமான பின்னல். இழைகள் எண்முகத் தளங்களில் வளர்வதால், வெட்டு விழுந்த கோணத்தைப் பொறுத்து முக்கோண வலையாகவோ சதுர வலையாகவோ தெரியும். சி4-ல் இழைகள் மங்கித் திட்டுத்திட்டாகும். சி5-ல் ரூட்டைலும் (டைட்டானியம் ஆக்சைடு) டைட்டனோஹேமடைட்டும் (டைட்டானியம் கலந்த ஹேமடைட்) வரும். சி6-ல் சூடோபுரூக்கைட் என்ற மற்றொரு இரும்பு-டைட்டானியம் ஆக்சைடு தலைகாட்டும். சி7-ல் அதுவும் ஹேமடைட்டும்தான் மணியை ஆளும். ஹேமடைட் நீலம் கலந்த வெண்மையாக, உள்ளே சிவப்பு மினுக்கத்தோடு இருக்கும்.

பலர் சறுக்குவது மாக்ஹெமைட் என்ற இரும்பு ஆக்சைடில். அது தாழ்வெப்ப மாற்றம்: வெளிறிய திட்டுகளும், சுருக்கத்தால் வந்த வளைந்த விரிசல்களும் இருக்கும், இழை இருக்காது. விரிசலைப் பார்த்து சி2 என்று எழுதிவிடாதீர்கள். ஒரே வெட்டில் மூன்று நிலை கலந்திருப்பதும் சகஜம், அதனால் ஐம்பது மணிகளாவது எண்ணிப் பெரும்பான்மையைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆலிவின் (பசால்டிலுள்ள பச்சைக் கனிமம்) ஓரம் சிவந்தால், அது சிதைந்து வரும் செம்பழுப்புக் கலவையான இடிங்சைட் என்று எழுதலாமா?

பதில்: கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது. இடிங்சைட் என்பது ஸ்மெக்டைட் களிமண்ணும் கோதைட் என்ற நீர்சேர்ந்த இரும்பு ஆக்சைடும் கலந்தது. அதற்குத் தண்ணீர் வேண்டும். உயர்வெப்பத்தில் களிமண் இல்லை. ஆலிவினிலுள்ள இரும்பு மேக்னடைட், ஹேமடைட் கொடிகளாகப் பிரிகிறது; விடுபட்ட சிலிக்கா மீதி ஆலிவினோடு சேர்ந்து என்ஸ்டடைட் என்ற மக்னீசியம் சிலிக்கேட் ஆகிறது. மிஞ்சிய ஆலிவினில் மக்னீசியம் கூடியிருக்கும். அதனால் அந்த ஓரத்தின் ஃபோர்ஸ்டரைட் மதிப்பை (ஆலிவினின் மக்னீசிய அளவை) மாக்மாவின் மதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஹார்ன்பிளண்ட் (எரிமலைப் பாறைகளில் வரும் கருநிறக் கனிமம்) சிவப்புப் பழுப்பாக இருந்தால்?

பதில்: ஆக்ஸிஹார்ன்பிளண்ட், அதாவது ஆக்சிஜனேற்றம் அடைந்த ஹார்ன்பிளண்ட். பச்சை ஹார்ன்பிளண்டை 800 டிகிரியில் காற்றில் சூடாக்கினாலும் இதே நிறம் வரும். முனைவாக்க நுண்ணோக்கியில் திருப்பும்போது படிகம் இருண்டுபோகும் கோணமான மறைகோணம் சுழியை நெருங்கும். சுற்றியுள்ள கறுப்பு விளிம்பு மட்டும் இதற்குச் சான்றாகாது. மாக்மா மேலேறும்போது அழுத்தம் குறைந்தாலும் அது வரும்.

கேள்வி: ஐயா, எரிப்பிழப்பு (மாதிரியைச் சூடாக்கும்போது குறையும் எடை) மைனஸ் 0.4 சதவீதம் வந்தது. ஆய்வகத் தவறா?

பதில்: தவறாக இருக்க வேண்டியதில்லை. 1000 டிகிரியில் பாறையின் ஃபெரஸ் ஆக்சைடு (FeO) ஆக்சிஜனை உறிஞ்சி ஃபெரிக் ஆக்சைடு (Fe₂O₃) ஆவதால் எடை கூடுகிறது. ஒவ்வொரு சதவீத FeO-வுக்கும் 0.11 சதவீதம். FeO 9 என்றால் சுமார் 1.0 கூடும், உண்மையான ஆவிப்பொருள் 0.6 ஆக இருந்தால் மைனஸ் 0.4 வரும். FeO-வைத் தனியாகக் காட்டும் அட்டவணையில் இந்தக் கூடுதலைத் திருத்திச் சேருங்கள். மொத்த இரும்பையும் Fe₂O₃ ஆகக் காட்டினால் அளந்த எண்ணையே விடுங்கள். இரண்டையும் கலந்தால் கூட்டுத்தொகை 100-லிருந்து ஏறக்குறைய ஒரு சதவீதம் விலகும்.

FeO டைட்ரேஷனுக்கு மாதிரியை வளைய ஆலையில் நெடுநேரம் அரைக்காதீர்கள், அரைக்கும்போதே ஆக்சிஜனேற்றம் நடக்கும். அசிட்டோனில் நனைத்துக் கையால் அரைப்பதே நல்லது. சிவந்த மாதிரியின் Fe₂O₃-ஐ அப்படியே நார்ம் கணக்கில் (வேதியியல் பகுப்பாய்விலிருந்து கனிமங்களைக் கணக்கிடும் முறையில்) போட்டால் இல்லாத குவார்ட்ஸ் முளைக்கும். Fe₂O₃/FeO விகிதத்தை 0.15 என்று வைத்துக் கணக்கிட்டால் ஒப்பிட முடியும்.

கேள்வி: சிவந்த பாறை தொல்காந்த ஆய்வுக்கு (பாறையில் பதிந்த பழைய பூமிக் காந்தப்புலத்தை அறியும் ஆய்வுக்கு) ஆகுமா?

பதில்: திசை அறிய அருமையான மாதிரி. ஆனால் ஹேமடைட் இருப்பதால் வெப்பக் காந்தநீக்கத்தை (சூடாக்கிக் காந்தத்தை அழிப்பதை) மேக்னடைட் காந்தத்தை இழக்கும் 580 டிகிரியோடு முடிக்காமல் 680 வரை கொண்டுபோங்கள். தொல்புலச் செறிவு (அந்தப் பழைய புலத்தின் வலிமை) கணக்கிடும்போதுதான் சிக்கல்: இழைகள் 580-க்குக் கீழே உருவாகியிருந்தால் பதிவானது ஆறும்போது பதியும் வெறும் வெப்பக் காந்தம் அல்ல, கனிமம் உருவாகும்போது பதியும் வேதிக் காந்தமும் கலந்தது.