போனஸா, வீட்டுப் பக்கத்து பேஸா?

நண்பரே, அமெரிக்க ஏர் நேஷனல் கார்டில் (பெரும்பாலும் பகுதிநேரமாகப் பணிபுரியும் விமானப்படைப் பிரிவு) சி-130 ராணுவச் சரக்கு விமானம் ஓட்டிக்கொண்டே ரீஜனல் கம்பெனியில் (குறுந்தூர விமான நிறுவனம்) விமானி வேலை தேடுகிறீர்கள். ஒரு கம்பெனி பெரிய போனஸ் தருகிறது, இன்னொன்றின் பேஸ், அதாவது விமானி பணியைத் தொடங்கும் ஊர், உங்கள் ஸ்குவாட்ரன் (ராணுவ விமானப் பிரிவு) இருக்கும் ஊரிலேயே இருக்கிறது. யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள். புதிதாகச் சேர்பவருக்குப் பெரும்பாலும் ரிசர்வ்தான், அதாவது கம்பெனி கூப்பிட்டால் உடனே வரத் தயாராகக் காத்திருக்கும் பணி. பேஸ் வேறு ஊர் என்றால், டிரில் (வார இறுதி ராணுவப் பயிற்சி) முடிந்த ஞாயிறு இரவே யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு ஜம்ப்சீட் (விமானத்தில் பணியாளர்களுக்கான கூடுதல் இருக்கை) தேடி ஓடவேண்டும். பிள்ளைகளோடு இருக்க நாளே மிஞ்சாது. ராணுவ விமானிக்கு 1500க்குப் பதில் 750 மணி நேரத்திலேயே ஆர்-ஏடிபி (விமான நிறுவனத்தில் துணை விமானியாகப் பறப்பதற்கான உரிமம்) கிடைக்கும், அதனால் சேரும் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், ராணுவப் பணிக்கு அழைத்தாலும், அப்படிப் போவோரின் வேலையைக் காக்கும் 1994ஆம் ஆண்டின் யுசெரா சட்டப்படி கம்பெனியில் உங்கள் சீனியாரிட்டி போகாது. அப்படி ராணுவப் பணியில் இருக்கும் காலத்துக்கு ஒரே கம்பெனியில் மொத்தம் 5 ஆண்டு வரம்பு உண்டு. வழக்கமான டிரில் அதில் சேராது. போனஸையே எடுப்பதானால், ராணுவ விடுப்பு, போனஸுக்காக அங்கே வேலை செய்யவேண்டிய ஒப்பந்தக் காலத்தில் கணக்காகுமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.