வேலையில் கவனம் சிதறாமல் இருக்க நமக்கு நாமே பேசிக்கொள்வது உண்மையிலேயே உதவுமா?

எனக்கு உதவுகிறது. ஆனால் கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று சொல்லிக்கொள்வது இல்லை. அதையும் கொஞ்ச நாள் செய்து பார்த்தேன், வேலையில் நான் போடும் பில்லில் தப்பு குறைந்தபாடில்லை. 2009ல் ஜோன் வுட் குழு செய்த ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்கள் தங்களைப் பற்றி நல்லதாகவே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டபோது மனநிலை இன்னும் இறங்கித்தான் போனதாம்.

செங்கோட்டையில் ஒரு மர அறுவை மில்லில் கணக்கு எழுதுகிறேன். புனலூர்ப் பக்கம் போகும் லோடுகளுக்கு இ-வே பில் (சரக்கு வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு) போடுவதும் நான்தான். ஒருநாள் போன் பேசிக்கொண்டே வண்டி நம்பரில் 3ஐ 8 என்று அடித்துவிட்டேன். ஆரியங்காவு தாண்டியதும் லாரியை ஓரங்கட்டிவிட்டார்கள். பாவம், டிரைவர் ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்தார். என்னை நானே திட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. அதே பதற்றத்தில் மறுநாள் இன்னும் இரண்டு தப்பு.

வழி சொன்னவர் சித்தப்பா. ரயிலில் உதவி லோகோ பைலட்டாக இருந்தவர். சிக்னல் தெரிந்ததும் கையை நீட்டி, நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். லோகோ பைலட் அதைத் திருப்பிச் சொல்வார். "வாய் சொன்னாத்தான் தாயி, கண்ணு நெசமாப் பாக்கும்" என்பார். ஜப்பானிலும் இந்தப் பழக்கம் உண்டு. அங்கே ரயில்வே ஆய்வு நிறுவனம் 1994ல் சோதித்தபோது, 100 செயலுக்கு 2.38 ஆக இருந்த தவறு 0.38 ஆகக் குறைந்தது.

அதனால் இப்போது ஆர்சி புத்தகத்தில் விரலை வைத்து, "கே.எல்., சைபர், ரெண்டு" என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் பில் போடுகிறேன். நடுவில் போன் அடித்தால், "ஏட்டி, இதை முடிச்சிட்டு எடு" என்று எனக்கே சொல்கிறேன். ஆச்சி என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். 'நான்' என்று சொல்லாமல் தன் பெயரையோ 'நீ' என்றோ சொல்லித் தன்னோடு பேசியவர்கள் பதற்றமான வேலையை நிதானமாகச் செய்ததாக மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் குழு 2014ல் எழுதியது. என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், யாரோ வருகைப்பதிவு எடுப்பது போல இருந்தது. ஏட்டிதான் சரி.

மனதுக்குள் முணுமுணுத்தால் எனக்கு வேலைக்காகவில்லை. சத்தம் வேண்டும்.

போன வாரம் லோடுக்குக் காத்திருந்த கொல்லத்து டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "சேச்சி ஆரோடா சம்சாரிக்குன்னது?" என்றார்.

"உங்க வண்டி நம்பரோட" என்றேன்.