பத்தடி விட்டால் யானை போகுமா?

கேள்வி: கோவை–பாலக்காடு எல்லையில், நவக்கரைக்கும் வாளையாறுக்கும் இடையில், மலையடிவாரத்தில் எங்கள் தோட்டங்கள் இருக்கின்றன. காட்டிலிருந்து இறங்கும் பள்ளத்தின் (ஓடையின்) இரு கரையிலும் பன்னிரண்டு விவசாயிகள். நீளம் இரண்டரைக் கிலோமீட்டர். பள்ளத்தோடு யானையும் மானும் எதிர்ப்பக்கக் காட்டுக்குப் போய்வருகின்றன. ஆளுக்குப் பத்தடி விட்டுவிட்டு இருபுறமும் சோலார் வேலி போடலாமா?

பதில்: வழிவிட நினைத்ததே பெரிய விஷயம். ஆனால் பத்தடி போதாது. அது வழித்தடம் ஆகாது, சந்துதான் ஆகும். குட்டியோடு வரும் கூட்டம் அதற்குள் நுழையத் தயங்கும். நுழைந்தபின் மிரண்டால் திரும்ப இடமில்லாமல் வேலியைத்தான் உடைக்கும்.

ஒவ்வொரு கரையிலும் குறைந்தது நூறடி விடுங்கள். வீடு, கிணறு இருக்கும் இடத்தில் ஐம்பதடியாகக் குறையலாம். அந்தக் குறுகல் நூறு மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. பதினொரு பேர் நூறடி விட்டு, ஒருவர் மட்டும் கரையை ஒட்டிக் காம்பவுண்டு சுவர் எழுப்பினால் மொத்தமும் வீண்.

இருகரையும் சேர்த்து இது சுமார் 38 ஏக்கர் வரும், ஆளுக்கு மூன்று ஏக்கருக்குச் சற்று மேல். மலைப்பாக இருக்கும். அதனால் முதலில் கிராமப் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் (கிராம நிலப் பதிவேடு) எடுத்து, சர்வேயரை வைத்து ஓடைப் புறம்போக்கை, அதாவது ஓடையை ஒட்டிய அரசு நிலத்தை, அளந்துவிடுங்கள். தென்னை ஏறியிருக்கும் புறம்போக்கு எவ்வளவு என்று தெரிந்தால் பட்டா நிலத்திலிருந்து விடவேண்டியது குறையலாம். விடும் நிலத்தைத் தரிசாகப் போடவும் வேண்டாம். உயர்ந்த தென்னைகள் நிற்கட்டும். சிலவற்றை யானை தள்ளும், அந்த இழப்பைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வாழை, கரும்பு, மக்காச்சோளம், புதுத் தென்னங்கன்று கூடவே கூடாது. தீனி கிடைக்கும் இடத்தில் யானை கடந்துபோகாமல் தங்கிவிடும்.

வேலிக்கால் நடுமுன் ஓராண்டு தடம் பாருங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இருவர் பள்ளம் முழுக்க நடந்து சாணம், காலடி, மரத்தில் சேறு உரசிய உயரம் ஆகியவற்றைத் தேதியோடும் போன் ஜிபிஎஸ் எண்ணோடும் குறிக்கவேண்டும். தெளிவான முன்னங்கால் தடம் கிடைத்தால் அதன் விளிம்பைச் சுற்றிச் சணல் கயிறு வைத்து அளந்துகொள்ளுங்கள். முன்னங்கால் சுற்றளவைப் போல் ஏறக்குறைய இருமடங்குதான் யானையின் தோள் உயரம். 140 சென்டிமீட்டர் வந்தால் தோள் 2.8 மீட்டர், அநேகமாக வளர்ந்த ஆண். சிறியதும் பெரியதுமாகப் பல தடங்கள் கலந்திருந்தால் குட்டிகளோடு கூட்டம். தனி ஆண் வெளிச்சத்துக்கு நடுவிலும் நடந்துவிடும். கூட்டத்துக்கு மறைவும் இருட்டும் வேண்டும். எது போகிறது என்று தெரியாமல் எந்த இடத்தை அகலப்படுத்துவது என்று முடிவு செய்ய முடியாது. பாலக்காட்டு வயல்களில் நெல் முற்றும் செப்டம்பர்-அக்டோபரிலும் ஜனவரி-பிப்ரவரியிலும் ஒருநாள் விடாமல் பாருங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம், பள்ளத்தின் மறுமுனை எங்கே போய் முட்டுகிறது என்பது. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் இடையே தண்டவாளத்தின் கீழே இப்போது யானைகளுக்கான சுரங்கப்பாதைகள் உண்டு; 2024 முதல் மதுக்கரைப் பகுதியில் வெப்பக் கேமராக்கள் யானை நெருங்குவதைக் கண்டு எச்சரிக்கின்றன. உங்கள் பள்ளம் சுரங்கப்பாதைக்குப் போகாமல், மேடான தண்டவாளக் கரையில் முடிந்தால், நீங்கள் போடும் இருபக்க வேலியே யானைகளை ரயிலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். அப்படியென்றால் வனத்துறையும் ரயில்வேயும் அங்கே வழி செய்து தரும்வரை வேலி வேண்டாம். நடுவில் பஞ்சாயத்து ரோடு குறுக்கிட்டால் குழாய்ப் பாலம் கேட்காதீர்கள், கரையைச் சரிவாக்கிய தரைப்பாலம் கேளுங்கள்.

வேலி பள்ளத்தோடு நெடுக்கே ஓடவேண்டும், எங்கும் குறுக்கே போகக் கூடாது. காட்டுமுனையில் புனல் வாய்போல விரிந்திருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் யானை எதிர்க்கரைக்காரர் தோட்டத்தில் இறங்கும்; ஆகவே இருகரையும் ஒரே மாதத்தில் முடியவேண்டும். வனத்துறை அனுமதியும் பதிவும் அவசியம். 2023-இல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகள் இருக்கின்றன. இபி லைனிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்தால் யானையும் சாகும், ஆளும் சாவான், ஜெயிலும் உண்டு. சோலார் வேலி பெரும்பாலும் இரண்டு காரணத்தால்தான் செத்துப்போகிறது: மழைக்காலத்தில் புல் வளர்ந்து கம்பியைத் தொடுவது, கோடையில் மண் காய்ந்து எர்த் வேலை செய்யாதது. கம்பிக்கு அடியில் மூன்றடி சுத்தமாக இருக்கட்டும், எர்த் கம்பிக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள், எனர்ஜைசருக்கு (வேலிக்கு மின்துடிப்பு அனுப்பும் கருவி) தொலைவில் இருக்கும் கடைசிக் காலில் வாரந்தோறும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள்.

கரையில் புதராக மண்டும் உண்ணிச்செடியை (லன்டானா) ஜேசிபி விட்டு வாராதீர்கள். கரையும் போகும், மறைவும் போகும். காய் பிடிக்கும் முன், மண்ணுக்கு இரண்டு அங்குலம் கீழே ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டால் தழையாது. ஆண்டுக்குக் கால் பங்கு போதும். அந்த இடத்தில் நீர்மருது, புங்கன், நாவல் வையுங்கள். பள்ளத்தைப் பார்த்து எரியும் விளக்குகளைத் தோட்டத்துப் பக்கம் திருப்புங்கள்.

வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். பன்னிரண்டில் ஒருவர் விற்றாலும் வீட்டுமனை (சைட்) போடுபவர் வந்துவிடுவார். பட்டா உங்கள் பெயரிலேயே இருக்க, யானைக்கு விடும் நிலப்பட்டையை மட்டும் விவசாயிகள் சங்கத்துக்கு நீண்டகாலக் குத்தகையாக எழுதிச் சார்பதிவாளரிடம் பதிந்தால் வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிந்தே ஆகவேண்டும். பத்திர வாசகத்தை வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்ளுங்கள். தடக் குறிப்புகளின் நகல் கோவை வனக்கோட்டத்துக்கும் பாலக்காடு வனக்கோட்டத்துக்கும் ஒரே நாளில் போகட்டும்; கேரளப் பக்க முனையைத் திறந்து வைக்கவேண்டியவர்கள் பாலக்காட்டு வனத்துறையினர்தான்.