கப்பலேறிப் போன கொல்லரைத் தேடி: கேள்வி பதில்

1860 நவம்பர் 16 அன்று, மதராஸிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் மொத்தம் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸில் கப்பலேறியவர்கள். அவர்களுக்குள் சம்மட்டி பிடித்த கைகளும் இருந்தன. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்தக் கொல்லர்களைப் பற்றியவை.

கேள்வி: அண்ணா, என் கொள்ளுத்தாத்தா கொல்லுப்பட்டறை வைத்திருந்தார் என்று அப்பா சொல்வார். பெயர் முனுசாமி. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது? (டர்பன் வாசகி)

பதில்: பெயரிலிருந்து தொடங்காதீர்கள் தங்கச்சி. கப்பல் பட்டியல்களில் முனுசாமிகள் ஏராளம். 'மூன்சாமி', 'முன்சாமி' என்று எழுத்தரின் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதியிருப்பார்கள். தேட வேண்டியது குடியேற்ற எண். வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, தனி எண் உண்டு. ஒருவருக்குக் கொடுத்த எண் இன்னொருவருக்குப் போகாது.

அந்த எண் உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே கிடக்கலாம். அங்கே பிறந்த பிள்ளைகளின் பழைய பிறப்புச் சான்றிதழில் அப்பா, அம்மா எண்களைக் குறித்திருப்பார்கள். உங்கள் தாத்தாவின் சான்றிதழை, அவருடைய அண்ணன் தங்கைகளின் சான்றிதழ்களைக்கூடத் தேடுங்கள். இறந்தவரின் சொத்து விவரக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் மனைவி, மக்கள் பெயர்கள் வரிசையாக இருக்கும்.

எண் கிடைத்துவிட்டால் கப்பல் பட்டியலைத் திறக்கலாம். தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு, எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பதெல்லாம் அதில் வரும். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஆவண மையம் இந்தப் பட்டியல்களைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறது. என் குடும்பத் தேடலில் நான் இரண்டு வருடம் வேறொரு முனுசாமியின் பின்னால் போனேன். தந்தை பெயரை முதலிலேயே ஒப்பிட்டிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். நீங்களாவது முதல் நாளே அதைப் பாருங்கள்.

கேள்வி: பட்டியலில் சாதி என்ற இடத்தில் 'கம்மாளன்' என்று இருக்கிறது. அப்படியென்றால் கொல்லர்தானே?

பதில்: அவசரப்படாதீர்கள். கம்மாளர் என்றால் கொல்லர், தச்சர், கன்னார் (பித்தளை வேலை செய்பவர்), கல்தச்சர், தட்டார் என்று ஐந்து தொழில். உங்கள் முன்னோர் நகை செய்தவராகவும் இருக்கலாம், தேர் செய்தவராகவும் இருக்கலாம். அந்தக் கட்டம் பிறப்பைச் சொல்லும், செய்த வேலையைச் சொல்லாது. வேலை தெரிய வேண்டுமானால் பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் தந்தையின் தொழில் என்ன என்று பாருங்கள். மறுபக்கமும் உண்டு: வேறு சாதி எழுதப்பட்ட ஒருவர் தோட்டத்துப் பட்டறையில் துருத்தி ஊதப் போய், தொழிலைக் கற்று, கொல்லராகவே வாழ்ந்து முடித்திருக்கலாம்.

கேள்வி: எங்கள் குடும்பப் பெயர் 'ஆர்ச்சரி'. இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

பதில்: ஆச்சாரி என்பது அங்கே அப்படி ஆனது. முதலியார் 'மூட்லி' ஆனதைப் போல. நல்ல தடயம்தான், ஆனால் எந்த ஆச்சாரி என்பதற்கு மேலே சொன்ன பதிலைப் பாருங்கள்.

கேள்வி: தாத்தா 1870இல் வந்தார் என்று எல்லோரும் அடித்துச் சொல்கிறார்கள். பட்டியலில் ஆளே இல்லை.

பதில்: இருக்க மாட்டார். 1866இல் நின்றுபோன ஆள் அனுப்பல் 1874இல்தான் மறுபடி தொடங்கியது. நடுவில் கூலிக் கப்பலே கிடையாது. 1866க்கு முன்னாலும் 1874க்குப் பின்னாலும் தேடுங்கள். வயதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆளைப் பார்த்து மதிப்புப் போட்டு எழுதியதாக இருக்கலாம். ஐந்து வயது முன்னே பின்னே இருந்தால் தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி: கொல்லருக்கு ஊரில் மானிய நிலம் உண்டு, களத்தில் நெல் உண்டு. அப்படிப்பட்டவர் ஏன் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்? (திருவண்ணாமலை வாசகர்)

பதில்: என்னை நெடுநாள் வாட்டிய கேள்வி ஐயா இது. கொல்லரின் கூலி பணமாக வந்ததைவிடக் களத்து நெல்லாக வந்ததே அதிகம். கலப்பைக் கொழுவும் அரிவாளும் அடித்துக் கொடுத்தால் அறுவடையில் பங்கு. விளைச்சல் இருக்கும்வரை அது பலம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் களமே காய்ந்துபோனது. உழாத ஊரில் கொழு எதற்கு? இன்னொரு பக்கம், நம்மூரில் உருக்கிய இரும்பை இங்கிலாந்திலிருந்து வந்த மலிவு இரும்பு மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருந்தது. பெரிய பட்டறைக்காரர் தாங்கினார். இரண்டாவது, மூன்றாவது மகன்களுக்கு உலையில் இடமில்லை. உங்கள் முன்னோர் வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்று முடிந்தால் கண்டுபிடியுங்கள், பாதி பதில் அதில் இருக்கும்.

போன இடத்தில் ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். ஆலையிலும் தோட்டத்திலும் கரும்புக் கத்தி, களைக்கொத்து, வண்டிச் சக்கரத்துப் பட்டை என்று இரும்பு வேலைக்குக் குறைவில்லை. ஆனால் கொல்லரும் பட்டறைக்கே போனார் என்று சொல்ல முடியாது, கரும்பு வெட்டவும் நிறுத்தியிருக்கலாம். இதை அறிய, இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகளைப் பாருங்கள். அடி, கூலிப் பிடித்தம், ஓடிப்போனது என்று அங்கே வந்த புகார்களில், வேறெங்கும் பேசாத நம் ஆட்கள் பேசுகிறார்கள். அவற்றைப் படிக்கும்போது எனக்குப் பல இரவுகள் தூக்கம் போயிருக்கிறது.

கேள்வி: கொள்ளுப்பாட்டியின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. எப்படித் தேடுவது?

பதில்: கணவரின் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பாருங்கள். சேர்ந்து வந்த குடும்பத்துக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண் கொடுத்தார்கள். அங்கே இல்லையென்றால் பாட்டி வேறு கப்பலில் தனியாக வந்திருக்கலாம். ஆள் அனுப்பும்போது 100 ஆணுக்கு 40 பெண் இருக்க வேண்டும் என்பது விதி. தனியாக வந்த பெண்களும் விதவைகளும் நிறையவே இருந்தார்கள், அதைக் குறைவாக நினைக்காதீர்கள். அங்கே நடந்த கல்யாணத்தைப் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிந்திருந்தால் இருவர் எண்ணும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் முன்னோர் பாண்டிச்சேரியிலிருந்து மொரீஷியஸ் போன கொல்லர். இதே வழிதானா?

பதில்: காலத்தைப் பொறுத்தது. 1834க்குப் பின் ஒப்பந்தத்தில் போனவர் என்றால் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் எண்ணோடு பதிவு இருக்கும், சிலருக்குப் புகைப்படமே இருக்கும். ஆனால் 1735இல் ஆளுநராக வந்த லபூர்தொனேயின் காலத்திலேயே பாண்டிச்சேரிக் கைவினைஞர்கள் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கு எண் கிடையாது. பிரெஞ்சுக்காரர்களின் தேவாலயப் பதிவேடு, பத்திரப் பதிவு என்று வேறு பாதையில் போக வேண்டும்.

கேள்வி: வட ஆற்காடு ஜில்லா, வந்தவாசி தாலுகா என்று கிராமப் பெயரோடு கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் வருகிறோம். போய் யாரைப் பார்ப்பது? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

பதில்: வாருங்கள் தம்பி. வட ஆற்காடு இன்று ஒரே மாவட்டமாக இல்லை. வந்தவாசி இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. முதலில் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய், அந்தக் கிராமத்தின் இனாம் பதிவேட்டைக் கேளுங்கள். 1858க்குப் பிறகு இனாம் கமிஷன் மானிய நிலங்களை ஊர் ஊராக எழுதியது. கொல்லன் மானியம் இருந்திருந்தால், அனுபவித்தவர் பெயர் அதில் வரும். கப்பல் பட்டியலில் உள்ள தந்தை பெயரோடு அது ஒத்துப்போனால், நீங்கள் தேடிய வாசல் அதுதான்.

பிறகு ஊருக்குப் போய், கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த மானிய நிலம் இன்று எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். பட்டறை மூடியிருந்தாலும் ஆசாரி வீடு எது என்றால் காட்டுவார்கள். போனதும் காகிதத்தை நீட்ட வேண்டாம். உங்கள் குலதெய்வம் எது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். அவர்கள் சொல்லும் தெய்வமும் உங்கள் வீட்டில் கும்பிடும் தெய்வமும் ஒன்றாக இருந்தால், பங்காளிகள் கோயிலில் கூடும் நாள் எது என்று கேட்டு, பயணச் சீட்டை அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.